செக் இன்ஜின் லைட்... 'பி0171' கோடு... உடனே சென்சாரை மாத்தணுமா?

ஆபீஸுக்குக் கிளம்புற அவசரம். காரை ஸ்டார்ட் செய்த பிறகும் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் நிற இன்ஜின் லைட் அணையவே இல்லை. வண்டி ஓடுது, ஆனா சிக்னலில் நின்றால் லேசாக உதறுது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகருது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, ``பி0171 சார்... ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்'' என்கிறார்.

கொஞ்சம் பொறுங்க பாஸ். சென்சார் போயிடுச்சுன்னு அந்தக் கோடு சொல்லவே இல்லை!

கோடு என்னதான் சொல்லுது?

'பி' என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது. அடுத்த '0', எல்லா கார் கம்பெனிகளுக்கும் பொதுவான கோடு என்பதைக் குறிக்கும். '1' என்றால் எரிபொருள், காற்று கலவைப் பகுதி. கடைசி '71' குறிப்பிட்ட கோளாறு: முதல் பேங்க்கில் கலவை 'லீன்'. அதாவது, காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. நம்ம ஊர் 3, 4 சிலிண்டர் கார்களில் இருப்பதே ஒரு பேங்க்தான். இதற்கு நேரெதிர், பெட்ரோல் அதிகமாகிவிட்டால் வரும் பி0172.

பெட்ரோல் முழுசா எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எரிந்த புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்த்து, சென்சார் கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். கூட்டிக்கூட்டி எல்லை தாண்டியதும்தான் இந்தக் கோடு விழும். பெரும்பாலும் சென்சார், சேதி சொன்ன ஆள் மட்டும்தான்!

யாரெல்லாம் சந்தேக லிஸ்ட்டில்?

* வெடித்த வேக்யூம் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட், பிசிவி வால்வு
* அழுக்கேறிய காற்று அளவு சென்சார் (மாஸ் ஏர்ஃப்ளோ)
* அடைத்த ஃப்யூல் ஃபில்டர், சோர்ந்துபோன ஃப்யூல் பம்ப், அடைத்த இன்ஜெக்டர்
* ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட்டில் ஓட்டை. வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரையே ஏமாற்றிவிடும்

போனிலேயே பார்க்கலாம்!

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் ஓபிடி போர்ட் இருக்கும். சில நூறு ரூபாய் ப்ளூடூத் அடாப்டரும் ஓர் ஆப்பும் போதும். முதலில் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பாருங்க. கோடு விழுந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், இன்ஜின் சூடு எவ்வளவு என்று அதில் பதிவாகியிருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

அடுத்து, இன்ஜின் சூடானதும் 'ஃப்யூல் ட்ரிம்' பாருங்க. குறுகிய கால ட்ரிம், நீண்ட கால ட்ரிம் இரண்டையும் கூட்டினால் பொதுவாக பிளஸ், மைனஸ் 10 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும்.

ஐடிலிங்கில் ட்ரிம் எகிறி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால், காற்றுக் கசிவின் மேல் சந்தேகப்படலாம். வேகமும் லோடும் கூடும்போது ட்ரிம்மும் ஏறினால், பெட்ரோல் போதவில்லை. அல்லது காற்று அளவு சென்சார் குறைத்துக் காட்டுகிறது. ஃப்யூல் பிரஷரை கேஜ் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஒரு விஷயம்... பல சின்ன கார்களில் காற்று அளவு சென்சாருக்குப் பதில் 'மேப்' சென்சார்தான் இருக்கும். அவற்றில் வேக்யூம் கசிந்தால், கோடு வராமல் ஐடிலிங் மட்டும் ஏறிக் கிடக்கலாம்.

இதெல்லாம் வேணாமே!

* சூடான இன்ஜின் மேல் கார்ப் க்ளீனர் அடித்துக் கசிவு தேடாதீங்க. தீப்பிடிக்கும். ஒர்க்‌ஷாப்பில் 'ஸ்மோக் டெஸ்ட்' கேளுங்க.
* ஃப்யூல் லைனை நீங்களே கழற்ற வேண்டாம். உள்ளே பிரஷர் இருக்கும்.
* கோடை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீங்க. காரணம் அப்படியே இருந்தால் லைட் திரும்ப வரும். ஃப்ரீஸ் ஃப்ரேம் தடயமும் போயிடும்.
* லைட் விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கருகிவிடும். சென்சார் செலவைவிட அது பல மடங்கு. ஓரமாக நிறுத்திவிடுங்க.

அடுத்த முறை, ``சென்சாரை மாத்திடலாம் சார்'' என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ``அண்ணே, ட்ரிம் ஐடிலிங்ல எவ்வளவு, 2,500-ல எவ்வளவு?'' பதில் வந்தால், வண்டியைத் தாராளமா விட்டுட்டு வரலாம்!