வலியின் நடுவே விழித்திருத்தல்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே நம் உள்ளம் ஒடுங்கிப்போகிறது. நோய் உடலை வருத்துவதற்கு முன்பே அச்சம் மனத்தை வருத்திவிடுகிறது. உடலுக்கு மருந்து தேடிய மருத்துவம், இந்த மனத்துயரையும் காணக் கற்றுக்கொண்டது எவ்வாறு? அவ்வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

நம் மாநகரில் அது ஓர் இழப்பில் தொடங்குகிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பல்லாண்டுகள் அயராது உழைத்தார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் பிறந்தது. 1955-இல் அங்கே பணியேற்ற டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை, சிகிச்சையோடு மக்களின் அச்சத்தையும் போக்க உழைத்தார்.

அதே காலத்தில் இலண்டனில், அருட்சகோதரியர் நடத்திய புனித யோசேப்பு இல்லத்தில் 1958 முதல் பணியாற்றினார் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ். நோயாளியின் வலியில் உடலும் மனமும் குடும்பக் கவலையும் ஆன்மத் தேடலும் பின்னிக் கிடக்கின்றன என்று கண்டு, அதனை 'முழு வலி' என்றார். 1967-இல் அவர் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லம் உலகுக்கே வழிகாட்டியது. 1986-இல் மும்பையில் சாந்தி அவேத்னா இல்லம் தோன்றியது. புழலுக்கு அருகே, மணலியை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா இல்லம் எழுந்ததும் இவ்வழியிலேயே.

மற்றொரு வழி அமெரிக்காவில் திறந்தது. 1979-இல் ஜான் கபாட் சின் என்பவர், பௌத்த மரபின் தியானத்தைச் சமயச் சடங்குகளின்றி, நாள்பட்ட நோயாளர்க்கு 8 வாரப் பயிற்சியாக அமைத்தார். மூச்சைக் கவனித்தல், உடலை உறுப்பு உறுப்பாக உணர்தல், எழும் எண்ணத்தை விரட்டாமலும் பின்தொடராமலும் பார்த்தல் ஆகியவையே அதன் உள்ளடக்கம். கனடாவின் கால்கரி நகரில் புற்றுநோயாளர் 90 பேரிடம் இத்தகைய பயிற்சி ஆராயப்பட்டது. பயிற்சி பெற்றவர்களின் மனக்கலக்கமும் இறுக்கமும், பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தன என்று 2000-இல் வெளியான அவ்வாய்வு காட்டியது. பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் இரவின் நீளத்தை அறிந்தவர்க்கு இதன் அருமை புரியும்.

எனினும் எல்லையை மறத்தலாகாது. தியானம் கட்டியைக் கரைக்காது. அதை நம்பி அறுவையையோ கதிர்வீச்சையோ மருந்தையோ கைவிடுவோர் தம் உயிருக்கே ஊறு தேடுகின்றனர்.

பிற சமய மரபில் பிறந்த முறை நமக்கு ஏற்றதா என்று சிலர் தயங்கலாம். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965-இல் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. தியானம் குறித்த 1989-ஆம் ஆண்டின் வத்திக்கான் மடல், பயனுள்ள முறைகளை ஏற்க இடமளித்தது. உடல் பெறும் அமைதியைத் தூய ஆவியின் ஆறுதலாகவே கருதிவிடலாகாது என்றும் எச்சரித்தது. இவ்விரண்டும் நமக்குத் தேவையான தெளிவன்றோ?

கெத்சமனியில் ஆண்டவர் தம் துயரை மறைக்கவில்லை. தம்மோடு விழித்திருக்கும்படி சீடரைக் கேட்டார். சாண்டர்ஸ் தம் பணிக்கு அடித்தளமாகக் கொண்டது அவ்வேண்டுதலையே. நோயுற்றவர் தம் வலியின் நடுவே விழித்திருக்கப் பழகும்போது, அவரைத் தனித்திருக்க விடலாமா? அடுத்த வீட்டு நோயாளியைக் காணச் செல்வோமாயின், பிறர் சொன்ன மருந்துக் கதைகளை வாசலிலேயே விட்டுவிட்டு, அவரருகே சற்று நேரம் அமைதியாய் அமர்வோம்.