கிஃப்ட்டா வந்த மிக்ஸி ஓடலையா? பில் உங்க பேரில் இல்லைன்னாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்!

கல்யாணம், கிரகப்பிரவேசம் முடிஞ்சு பரிசுப் பொருட்களைப் பிரிச்சுப் பார்த்தால், ஒரே மாதிரி மூணு ஹாட்பாக்ஸ் இருக்கும். ப்ளக்கில் மாட்டினதும் ஓடாத ஒரு மிக்ஸியும் இருக்கலாம். கொடுத்தவங்ககிட்ட எப்படிக் கேட்கிறது என்ற தயக்கத்தில் பலரும் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். துணிஞ்சு கடைக்குப் போனால், 'நீங்க வாங்கலையே சார்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் சட்டம் சொல்வது வேறு.

பரிசு பெற்றவரும் நுகர்வோரா?

ஆமாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, கடந்த 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி, பணம் கொடுத்து வாங்கியவர் மட்டும் நுகர்வோர் இல்லை. அவரோட சம்மதத்துடன் அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். பரிசாகக் கொடுத்துவிட்டாலே சம்மதம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்! அதனால் 'வாங்கினவங்களே வரணும்' என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, பழுதான பொருளுக்கான புகாரைக் கடைக்காரர் தட்டிக்கழிக்க முடியாது.

ஓடலையா... இல்லை, பிடிக்கலையா?

இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

பொருளில் குறை இருந்தால்: அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்கிறது சட்டம். பில்லில் கெடு ஏதாவது போட்டிருந்தால் அந்த நாட்களுக்குள் கேட்க வேண்டும். எதுவும் போடவில்லை என்றால் 30 நாட்கள். கிஃப்ட் கைக்கு வந்த நாளை விட்டுவிட்டு, பில் தேதியில் இருந்து கணக்கு வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

நிறம் பிடிக்கலை, சைஸ் சரியில்லை, ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால்: திரும்ப வாங்கியே ஆகணும் என்று கடையைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இது முழுக்கக் கடையோட விதிமுறையைப் பொறுத்தது. பெட்டியைப் பிரிக்காமல், டேக்கைக் கழற்றாமல், சீக்கிரம் போய்க் கேட்டால் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். உள்ளாடை, அழகு சாதனப் பொருட்கள், போட்டோ பிரிண்ட் போட்ட கப் மாதிரியானவற்றைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் இருந்தால்?

பிடிக்காத பொருளுக்கு அந்த வரி பொருந்தலாம். பழுதான பொருளுக்குப் பொருந்தாது. பில்லில் ஒரு வரியை அச்சடித்துவிட்டு, சட்டம் தந்த உரிமையைக் கடைக்காரர் பறிக்க முடியாது.

எவ்வளவு பணம் திரும்ப வரணும்?

* பில்லில் உள்ள விலைதான் கணக்கு. உதாரணமாக 4,500 ரூபாய்க்கு வாங்கிய மிக்ஸி இப்போ ஆஃபரில் 3,900 ரூபாய்க்கு விற்கலாம். பொருள் பழுது என்றால், ஜிஎஸ்டியோடு சேர்த்துக் கட்டிய 4,500 ரூபாயைக் கேளுங்கள்.

* பில் இல்லாமல் போனால், இன்றைய விலைக்குத்தான் எடுப்போம் என்று கடைக்காரர் சொல்ல வாய்ப்பு அதிகம். 600 ரூபாய் நஷ்டம் உங்களுக்குத்தான்.

* பழுதான பொருளுக்குப் பணத்துக்குப் பதில் கிரெடிட் நோட் நீட்டினால், வேண்டாம் என்று சொல்லலாம். பிடிக்காத பொருளுக்குக் கிரெடிட் நோட் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

* கார்டு அல்லது யுபிஐ மூலம் வாங்கியிருந்தால், பணம் பெரும்பாலும் கொடுத்தவரோட கணக்குக்கே திரும்பிப் போகும். அதனால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அதில் சங்கடம் இருந்தால், பணத்துக்குப் பதில் அதே மாடலில் புதுசு கேட்கலாம்.

ஆன்லைனில் வந்த கிஃப்ட் என்றால்?

ரிட்டர்ன் போடுவதற்கு, ஆர்டர் செய்தவரோட கணக்குதான் பெரும்பாலும் தேவைப்படும். இ-காமர்ஸ் விதிகள் 2020-இன்படி, பழுதான பொருள், போலியான பொருள், விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான பொருள் ஆகியவற்றைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகார் கொடுத்தால், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்தால், பின்னாடி வாக்குவாதம் இருக்காது.

நாள் கடந்து போச்சே, என்ன செய்வது?

வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள். வாரன்டி பொருளுக்குத்தான், யார் வாங்கினார் என்பது பெரும்பாலும் பிரச்னை ஆகாது. ஆனால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில்லைத்தான். வாரன்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அந்த கார்டு வெறுமையாகவே கிடக்கும்.

கடைக்காரர் ஒத்துவரலையா? இதைச் செய்யுங்கள்

1. வாயால் பேசியது போதும். பில், பொருளின் போட்டோ, என்ன குறை என்ற விவரத்தோடு கடைக்கு வாட்ஸ்அப் அல்லது இமெயில் அனுப்புங்கள். தேதியோடு ஆதாரம் கையில் இருக்கும்.

2. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அவர்கள் நிறுவனத்திடம் பேசித் தீர்வுக்கு முயற்சி செய்வார்கள். ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

3. அதுவும் பலிக்கவில்லை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. கடை வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 'இ-ஜாக்ரிதி' தளம் மூலம் ஆன்லைனிலும் பதிவு செய்யலாம். பிரச்னை எழுந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். பொருளை மாற்றித் தரவும், பணத்தை வட்டியோடு திருப்பித் தரவும், அலைச்சலுக்கு இழப்பீடு கொடுக்கவும் ஆணையம் உத்தரவிட முடியும்.

கிஃப்ட் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

விலை தெரியக் கூடாது என்று ஸ்டிக்கரைக் கிழிப்பது நம்ம ஊர் வழக்கம். விலை ஸ்டிக்கரைக் கிழிக்கலாம், பில்லைக் கிழித்துவிடாதீர்கள். போட்டோ எடுத்து போனில் வைத்திருங்கள். வாங்கும்போதே வாரன்டி கார்டில் முத்திரை போட்டு, பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். 'ஏதாவது பிரச்னைன்னா கூச்சப்படாம சொல்லுங்க, பில் என்கிட்ட இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், உங்க பரிசு பரணுக்குப் போகாது.