நுரையும் நோயும்: வடசென்னையில் சிறுநீர் பார்த்த வரலாறு

சிறுநீரில் நுரை நின்றால் அது நோயின் அடையாளம் என்பது, அந்த நுரைக்குக் காரணம் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் சூத்திரங்களில் ஒன்று, சிறுநீரின் மேல் குமிழிகள் நின்றால் சிறுநீரகத்தில் நோய் உண்டு, அது நீடிக்கும் என்கிறது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி நூல் நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் என ஐந்தையும் கவனிக்கச் சொல்கிறது. காலையில் கண்ணாடிக் கலத்தில் பிடித்த நீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் விதத்தைக் கொண்டு வாதம், பித்தம், கபம் அறிவது நெய்க்குறி. நோயாளியின் நாவையும் கண்ணையும் பார்த்ததோடு நில்லாமல் நீரையும் பார்த்த அந்த ஒழுங்கு மதிக்கத்தக்கது. ஆனால் நுரைக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை.

அதைச் சொன்னது நெருப்பு. இத்தாலிய மருத்துவர் டொமெனிகோ கொட்டுன்யோ 18ஆம் நூற்றாண்டில், உடல் வீங்கிய ஒரு போர்வீரனின் சிறுநீரைக் காய்ச்சியபோது அது முட்டையின் வெள்ளைக்கருபோல் உறைந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், கரண்டியில் சிறுநீரை ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிப் பார்த்தார். உறைந்த சிறுநீர், வீங்கிய உடல், இறந்தபின் அறுத்துப் பார்த்ததில் கெட்டுப்போன சிறுநீரகம் ஆகிய மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்று அவர் 1827இல் எழுதினார். அந்த நோய் நெடுநாள் அவர் பெயராலேயே வழங்கியது.

உறைந்தது ஆல்புமின் என்ற இரத்தப் புரதம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிப்பான்கள் உண்டு. அவை பழுதுபட்டால் இரத்தத்தில் நிற்கவேண்டிய ஆல்புமின் சிறுநீரில் இறங்கிவிடும். அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் நுரை எளிதில் எழும், சட்டென்று உடையாது. ஒரு நாள் சிறுநீரில் 150 மில்லிகிராமுக்குள் புரதம் இருப்பது இயல்பு. 3.5 கிராமைத் தாண்டினால் முகமும் காலும் வீங்கும் அளவுக்கு இழப்பு முற்றியிருக்கும். வேகமாகச் சிறுநீர் கழிப்பது, தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் அடர்ந்துபோவது, கழிப்பறையில் ஊற்றிய சோப்புத் திரவம் ஆகியவையும் நுரையைக் கிளப்பும். ஆகவே ஒருநாள் நுரை நோயாகாது; நாள்தோறும் வந்து, கலையாமல் அடுக்காக நிற்கும் நுரைதான் சோதிக்கவேண்டியது.

வடசென்னைக்கு இந்தச் சோதனை வந்து சேர்ந்த வழி பழைய ஜெயில் ரோடு. ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டிய பஞ்சத்தில், 1782இல், பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் அருகே, 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் சிறு மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அக்கம்பக்கத்தார் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். அதை ஒட்டி வளர்ந்த ராயபுரம் மருத்துவப் பள்ளி பின்னர் ஆளுநர் ஜார்ஜ் ஃப்ரெடெரிக் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938இல் கல்லூரியாயிற்று.

அதன் ஆய்வகத்தில் மாணவர் தலைமுறைகள் கற்ற சோதனை எளிமையானது. சோதனைக் குழாயின் முக்கால் பங்குக்குச் சிறுநீரை ஊற்றி, குழாயைச் சாய்த்து, மேற்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார்கள். மேலே கலங்கி, கீழே தெளிந்திருந்தால் இரண்டையும் ஒப்பிடலாம். கலங்கியதாலேயே புரதம் என்று எழுதிவிடக் கூடாது. பாஸ்பேட் உப்பும் கலங்கும். சில துளி அசிட்டிக் அமிலம் விட்டுப் பார்க்கவேண்டும். கலங்கல் கரைந்தால் உப்பு, நின்றால் ஆல்புமின்.

ராயபுரத்தில் இந்தச் சோதனை அதிகம் காத்தது கர்ப்பிணிகளை என்று சொல்லலாம். ராஜா சர் ராமசாமி முதலியாரின் கொடையால் எழுந்த பிரசவ ஆஸ்பத்திரி, ஸ்டான்லியோடு இணைந்தது. கர்ப்பகால வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரில் ஆல்புமின் இருப்பதை கைஸ் மருத்துவமனையின் ஜான் லீவர் 1843இலேயே காட்டியிருந்தார். இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் தெரிந்தால் வலிப்புக்கு முன்பே தாயைக் காப்பாற்ற இடமுண்டு. 1950களில் அமெரிக்காவில் ஆல்ஃபிரட், ஹெலன் ஃப்ரீ தம்பதியும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய, நிறம் மாறும் சோதனைத் தாள் விளக்கின் வேலையை எடுத்துக்கொண்டது. சிறுநீரில் தோய்த்த மறுநிமிடமே விடை தெரியும்.

இதற்குள் துறைமுகத்தையும் திருவொற்றியூரையும் எண்ணூரையும் ஆலைகளும் அனல்மின் நிலையமும் நிறைத்துவிட்டன. ஆனாலும் எங்கும்போல் இங்கும் புரதம் ஒழுகுவதற்கு முதற்காரணம் சர்க்கரை நோய், அடுத்தது இரத்த அழுத்தம். நீர் நுரைத்தால் உடம்புச் சூடு என்று இளநீர் குடிப்பது பரவலான பழக்கம். சிறுநீரகம் பெரிதும் பழுதானவருக்கு இளநீரின் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. பாதரசம் கலந்த நாட்டு மருந்து இன்னொரு அபாயம்; பாரம்பரிய மருந்துகளை உட்கொண்டவர்களிடம் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோய் வருவதை, சென்னை நோய்க்கூறியல் மருத்துவர்கள் 2022இல் ஆய்வாக வெளியிட்டார்கள்.

நுரையை நம்பி ஏமாறும் இடமும் உண்டு. உப்பளத்திலும் கப்பல் தளத்திலும் வெயிலில் உழைத்து, நீர் வற்றி வற்றி வரும் சிறுநீரக நோயில் புரதம் குறைவாகவே ஒழுகும். அங்கே இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்தால்தான் தெரியும். மாத்திரைக் கடையில் தாமாக வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மருந்துகள் இந்தப் பழுதை விரைவுபடுத்துகின்றன.

2007 ஜனவரியில், வடசென்னை எர்ணாவூரின் சுனாமி நிவாரணக் குடியிருப்பில் வாழ்ந்த மீனவப் பெண்கள் பலர் கடனுக்காகச் சிறுநீரகம் விற்றிருந்தது வெளிவந்தது. உறுப்பு விற்பனையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. வறுமையைத் தடுக்க அதனால் இயலவில்லை. ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு ஆண்டுதோறும் இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்ப்பது கட்டாயம். முறையான தானத்தில் இதை மருத்துவமனை நினைவூட்டும். திருட்டு வாணிபத்தில் யாரும் நினைவூட்டுவதில்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகளையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. 2023இல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதனைத் தாள்கொண்டு சிறுநீரகப் பழுதைக் கண்டறியும் திட்டமும் சேர்ந்தது. தாளில் புரதம் தெரிந்தால் காலைச் சிறுநீரில் ஆல்புமினை அளந்து உறுதிசெய்வார்கள். 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். இந்த நிலையில் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, ஆல்புமின் ஒழுக்கைக் குறைக்கும் எனலாப்ரில், லோசார்ட்டான் போன்ற மலிவான மாத்திரைகளைத் தொடர்ந்தால் பலருக்கு டயாலிசிஸ் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது.