கடலோடி நூலாசிரியரான வரலாறு

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாதென்பது நம்மவர் வழங்கும் பழமொழி. இளமையிற் கல்வி இழந்தார் பலர், "இனி நமக்கு ஏட்டோடு என்ன உறவு?" என்று சோர்ந்திருத்தற்கு இதனையே சான்று காட்டுவர். அச்சோர்வை நீக்கவல்ல சரித்திரமொன்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஆங்கில நாவலாசிரியருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படும் ஜோஸப் கான்ராட் என்பார் ஆங்கிலேயரல்லர், போலந்து மரபினர். 1857 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள், அக்காலத்து ருஷிய ஆட்சிக்குட்பட்டிருந்த பெர்டிச்சேவ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கவிஞர், தம் நாட்டு விடுதலைக்கு முயன்றமையால் 1862 இல் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டார். 1865 இல் அன்னையும் 1869 இல் தந்தையும் மறைய, பதினோராண்டுச் சிறுவரைத் தாய்மாமன் ஆதரித்தார்.

1874 இல், பதினாறாம் வயதில், பிரான்சு நாட்டு மார்சேல்ஸ் துறைமுகம் சென்று கடற்றொழில் மேற்கொண்டார். 1878 இல் ஆங்கிலக் கப்பலிற் சேர்ந்த பின்னரே ஆங்கிலம் பேசப் பயின்றார். தேர்வுகளிற் படிப்படியாகத் தேறி, 1886 இல் கப்பற்றலைவராதற்குரிய சான்றிதழ் பெற்றார்.

நம் சென்னைக்கும் அவர்க்கும் தொடர்பொன்றுண்டு. 1884 இல் ரிவர்ஸ்டேல் என்னும் கப்பலில் அதிகாரியாய் வந்தவர், அதன் தலைவரோடு மாறுபட்டுச் சென்னையிலேயே வேலை நீங்கினார். பின் பம்பாய் சென்று நார்ஸிஸஸ் என்னும் கப்பலில் அமர்ந்தார். இழப்பே ஆக்கமாயிற்று, அக்கப்பலின் பெயர் தாங்கிய அவரது நாவல் 1897 இல் வெளிவந்து நிலைபெற்றது.

முதல் நாவலை அவர் தொடங்கியது 1889 இல், இலண்டனில் கப்பல் வேலையின்றி இருந்தபொழுது. போர்னியோத் தீவின் ஆற்றங்கரையில் தாம் கண்ட வணிகரொருவரே அதற்குக் கருவாயினார். அக்கையெழுத்துப் பிரதி 1890 இல் அவரோடு ஆப்பிரிக்காவின் காங்கோ ஆறு வரை சென்று மீண்டது. ஓய்வு வாய்த்தபோதெல்லாம் சிறிது சிறிதாக வளர்ந்து 1895 இல் அச்சேறியது. அப்போது அவர்க்கு வயது முப்பத்தேழு. 1924 இல் காலமாகும்வரை எழுதினார்.

முப்பத்தேழு ஐம்பதன்று என்பாருளர். மெய்யே, ஆயினும் போலிஷ், பிரெஞ்சு இரண்டற்கும் பின் மூன்றாவதாகக் கற்ற மொழியிலன்றோ அவர் எழுதினார்! கடலிற் கழிந்த ஏறக்குறைய இருபதாண்டுகளே அவர்தம் எழுத்திற்கு முதலாயின.

நம் மரபினருள் இளமையிலேயே பள்ளி நீங்கித் தொழில் புக்க பெரியோர் பலர். அவர் கண்டனவும் பட்டனவும் எழுதப்பெறாமலே அவரோடு மறைகின்றன. எழுதக் கூசுவார் தாம் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதுக. எழுதி இப்பத்திரிகைக்கு விடுக்குக. பிழை திருத்தும் பணி எம்முடையதாகுக.