கூலிக்கு அப்பால் ஒரு வேலைநிறுத்தம்

தொழில் தகராறு என்றதும் நம் நினைவு ஆலைச் சங்கின் பக்கமே திரும்புகிறது. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களுக்காக வ.உ.சி. நின்றதையும், 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததையும் பாடநூல்கள் சொல்கின்றன. ஏறக்குறைய அக்காலத்திலேயே ஆலையோ சங்கச் சட்டமோ இல்லாத நெல்வயலில் நடந்த ஒரு வேலைநிறுத்தத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. அது அயல் தேசத்துக் கதையும் அன்று. அக்காலத்தில் குலசேகரமும் அது அடங்கியிருந்த கல்குளம் வட்டமும் திருவிதாங்கூரின் பகுதிகளே. அந்த வேலைநிறுத்தமும் திருவிதாங்கூர் மண்ணில்தான் நடந்தது.

அதை முன்னின்று நடத்தியவர் வெங்ஙானூர் அய்யன்காளி (1863–1941). புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு சொன்னாலும் ஊரில் வாசற்கதவு திறக்கவில்லை. மனுக்கள் பயன் தராதபோது உழைப்பாளிகள் வயலில் இறங்க மறுத்தனர். கூலி உயர்வும் பொதுவழியில் நடக்கும் உரிமையும் கோரிக்கைகளில் இருந்தன. எனினும் நடுநாயகமாக நின்றது குழந்தைகளின் கல்விதான். எழுதப் படிக்க வாய்ப்பே தரப்படாத ஒரு சமூகம், தன் பிள்ளைகளின் எழுத்தறிவுக்காகப் பட்டினியை ஏற்றுக்கொண்டது. உலகத் தொழிலாளர் வரலாற்றில் இதற்கு இணை தேடுவது எளிதன்று.

பசி அவர்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடும் என்று நிலவுடைமையாளர்கள் காத்திருந்தனர். விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்கள் தம் தொழிலில் அவர்களுக்கு இடம் கொடுத்ததால் அந்தக் கணக்குப் பொய்த்தது. வயல்கள் தரிசாயின, குடிசைகளில் அடுப்பு அணைந்தது. இரு தரப்பும் களைத்த நிலையில் அரசு தலையிட்டு, நீதிபதி கண்டலா நாகம் பிள்ளையை மத்தியஸ்தராக நியமித்தது. கூலி உயர்வு, பள்ளிச் சேர்க்கை, நடமாடும் உரிமை ஆகியவற்றை ஏற்று உடன்பாடு வந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தகராறின் பொருள் எது என்பது. கூலி மட்டுமே பிரச்சினை என்றால் ஒரு நாழி நெல்லைக் கூட்டிக் கொடுத்து அன்றே முடித்திருக்கலாம். மனிதராக மதிக்கப்படவில்லை என்ற குறையை நெல்லளந்து தீர்க்க முடியாது. இரண்டாவது, உடன்பாடு வேறு, அமைதி வேறு. 1914இல் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது கலவரம் மூண்டது; பள்ளியே தீக்கிரையானது. ஒப்புக்கொண்டதை நிறைவேற்றும் கரம் இல்லையேல் ஒப்பந்தம் வெறும் காகிதம்.

அந்தக் கரத்தைச் சட்டமாக்க முயன்றதுதான் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம். இரு தரப்பும் தாமே பேசி எழுதிக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம், கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அதிகாரி முன்னிலையில் உருவாகும் 12(3) ஒப்பந்தமோ நிறுவனத்தின் தொழிலாளர் அனைவரையும் கட்டுப்படுத்தும். தோட்டத் தொழிலாளரின் பேச்சில் இந்த எண்கள் ஊர்ப்பெயர்களைப் போலப் புழங்கியதில் வியப்பில்லை.

குலசேகரத்தைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் இன்று வயலின் இடத்தில் ரப்பர் நிற்கிறது. வனத்துறை வளர்த்த ரப்பர் தோட்டங்கள் 1984இல் அரசு ரப்பர் கழகமாயின. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு அது பிழைப்புத் தந்தது. பால்வெட்டு அதிகாலை வேலை; வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், மழை வந்தால் வெட்டே இல்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் வானமும் ஒரு மறைமுக முதலாளிதான். 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் விலை 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே சரிந்தது. நிர்வாகம் ரப்பர் விலையைக் காட்டும். தொழிலாளி அரிசி விலையைக் காட்டுவார். இரண்டும் மெய்யான கணக்குகளே. 2022 நவம்பரில் ஊதிய உயர்வு கேட்டு இத்தோட்டங்களின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மோதியவை இந்த இரு கணக்குகள்தாம்.

இங்கே ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. நாகம் பிள்ளையை அனுப்பிய அரசு, அந்த வயல்களின் முதலாளி அன்று. ரப்பர் கழகத்திலோ முதலாளியும் அரசு, சமரசம் பேச வரும் தொழிலாளர் துறையும் அரசு. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. எந்தத் தொழில் நிறுவனமாயினும் வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது அது. அந்தப் பதினான்கு நாளும் பேசுவதற்கான அவகாசமா, தொழிலாளியின் கையைக் கட்டும் கயிறா என்பது பேச்சுவார்த்தை மேசைக்கு வருபவர்களைப் பொறுத்தது. அவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு வேண்டும் என்பதன்று. எது மறுக்கப்பட்டது என்பதே.