பாறை இன்னும் நகரவில்லை

2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி வரை அந்தச் சிற்பம் உங்கள் பர்ஸில்தான் இருந்தது. பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டைத் திருப்பிப் பார்த்தால், காந்தி கோலை ஊன்றி முன்னே நடப்பார். பின்னால் ஒரு கூட்டம் தொடரும். தண்டி யாத்திரை! டெல்லி சர்தார் படேல் சாலையில் இருக்கும் ‘கியாரா மூர்த்தி’ என்கிற பதினோரு வெண்கல உருவங்களின் படம் அது. எத்தனை கோடிக் கைகள் மாறியிருக்கும்! எந்தக் கையாவது அதைச் செய்தவர் யார் என்று கேட்டிருக்குமா?

நான் கேட்டதில்லை. பி.காம். படித்தவன். நோட்டின் முன்பக்கம்தான் நமக்கு முக்கியம்!

கேட்க வைத்தவர் பருத்திப்பட்டில் இருக்கும் ஒரு நண்பர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் முப்பது வருஷம் உலோகத்தை உருக்கி ஊற்றியவர். இப்போது ஏரிக்கரையில் காலையும் மாலையும் வாக்கிங். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மெரினா போனபோது அவரும் வந்தார். நாங்கள் சுண்டல் வாங்கினோம். அவர் உழைப்பாளர் சிலையையே சுற்றிச் சுற்றி வந்தார்.

“சார், இந்த முதுகைப் பாருங்க. மண்ணுல பிடிச்சப்போ விரலால அப்பின அப்பு அப்படியே இருக்கு. எங்க பட்டறையில இப்படி வந்தா ரிஜெக்ட் பண்ணிடுவோம். தேய்ச்சு வழவழன்னு ஆக்கிடுவோம். இந்த மனுஷன் வேணும்னே விட்டிருக்கான். யாரு சார் அவன்?”

இந்த வாரம் அந்த ‘அவனை’ப் பற்றித்தான்.

பெயர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899-ல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூர் பக்கம் தாஜ்ஹாட்டில் பிறந்தவர். ஓவியம் கற்றது அவனீந்திரநாத் தாகூரிடம். சிற்பம் கற்றது ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம். குஸ்தி போடுவார், வேட்டைக்குப் போவார், புல்லாங்குழல் வாசிப்பார், வங்காளியில் கதை எழுதுவார்.

இப்படிப்பட்ட ஆசாமி ஆரம்பத்தில் கையாண்ட பொருள் என்ன தெரியுமா? வாட்டர்கலர். அதிலும் ‘வாஷ்’ என்கிற மிக நாசூக்கான முறை. 1903 வாக்கில் கல்கத்தாவுக்கு வந்த தைகான் போன்ற ஜப்பானிய ஓவியர்கள் வேலை செய்வதைப் பார்த்து, அவனீந்திரநாத் தன் போக்கில் உருவாக்கிக்கொண்டது அது. ஒரு மெல்லிய வண்ணப் பூச்சு. காய்ந்ததும் காகிதத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். மறுபடி ஒரு பூச்சு, மறுபடி தண்ணீர். மார்கழிப் பனிக்குள் தெரியும் தெரு மாதிரி, உருவம் மங்கலாக மேலே வரும். எண்ணெய் ஓவியத்தில் தப்பு செய்தால் மேலே பூசி மறைக்கலாம். இதில் வெளிச்சமே காகிதத்தின் வெள்ளைதான். ஒருமுறை அழுக்கானால் போச்சு!

அந்தக் கைதான் பிற்பாடு டன் கணக்கில் வெண்கலத்தைக் கையாண்டது.

சரி, வங்காளத்துக்காரர் மெட்ராஸுக்கு எப்படி வந்தார்?

பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லிக்கு வந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்து நேராகப் போனால் எழும்பூர் தாண்டியதும் ஒரு பழைய சிவப்புக் கட்டடம் வரும். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்கிற டாக்டர் தொடங்கிய பள்ளி. கலை வளர்ப்பதைவிடத் தொழில் வளர்ப்பதில்தான் அதற்கு அக்கறை அதிகம். 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையை ஆரம்பித்தார். ஆம், நம் வீட்டு அலுமினியக் குண்டானுக்கும் இந்தக் கலைப்பள்ளிக்கும் சொந்தம் உண்டு!

இன்னொரு வேடிக்கை. இதே பள்ளியின் தலைவராக இருந்த ஹேவல் 1896-ல் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே அவனீந்திரநாத்தை ஊக்குவித்து, ஆசிரியராகவும் ஆக்கியவர் அவர்தான். மெட்ராஸ் கல்கத்தாவுக்குக் கொடுத்த கடனை, 1929-ல் கல்கத்தா வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. அந்த வருஷம் ராய் சௌத்ரி இந்தப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். வயது முப்பது.

1957 வரை, ஏறக்குறைய இருபத்தெட்டு வருஷம். அதற்குள் தொழிற்பள்ளி கலைப்பள்ளி ஆகிவிட்டது. எதிரே ஆளை நிறுத்திவைத்து வரைவது, ஸ்கூல் சுவருக்கு வெளியே போய் வரைவது என்று பாடமே மாறியது. அவரிடம் படித்தவர்கள் கே.சி.எஸ். பணிக்கரும் தனபாலும். இருவருமே பிற்பாடு அதே கல்லூரியின் முதல்வர்கள் ஆனார்கள். பணிக்கர் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். குருவின் வழியை இவர்கள் யாரும் அப்படியே பின்பற்றவில்லை என்பதுதான் விசேஷம். ஒரு வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் உண்டா?

ஆனால், ராய் சௌத்ரியிடம் ஒரு முரண் உண்டு. மழுப்பாமல் சொல்லிவிடுவோம்.

அவர் அரசாங்க உத்தியோகஸ்தர். பெரிய மனிதர்களுக்குச் சிலை செய்து பேர் வாங்கியவர். 1937-ல் பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. பட்டம் கொடுத்தது. வாங்கிக்கொண்டார். சுதந்திரம் வந்தது. 1942 ஆகஸ்ட் 11 அன்று பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடியேற்றப் போய்த் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான ஏழு இளைஞர்களுக்கு நினைவுச்சின்னம் செய்தவரும் இவரே. மெரினா காந்தி சிலையும் இவர் செய்ததே. 1954-ல் தொடங்கிய லலித் கலா அகாடமிக்கு முதல் தலைவர். 1958-ல் பத்மபூஷண்.

காற்றடித்த பக்கம் சாய்ந்தவர் என்று சொல்லலாமா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், பெரிய மனிதர்களின் சிலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். 1936-ல் திருவாங்கூரில் எல்லோருக்கும் கோயில் திறக்கப்பட்டதைப் பற்றி ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம். 1952-ல் ‘பசிக்கு இரையானவர்கள்’. பிறகு, குளிரில் ஒடுங்கும் மனிதர்களைக் காட்டும் ‘குளிர்காலம் வரும்போது’. சம்பளத்துக்கும் பட்டத்துக்கும் வெளியே அந்தக் கை திரும்பத் திரும்ப யாரிடம் போனது என்பது தெரிகிறதல்லவா?

அந்த வரிசையில் வந்ததுதான் உழைப்பாளர் சிலை. உருவானது 1954-ல். அடுத்த வருஷம் ஜனவரியில் பருத்திப்பட்டுக்குப் பக்கத்திலேயே, ஆவடியில், காங்கிரஸ் மாநாடு கூடி ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது. உழைப்பாளி என்ற சொல்லுக்கு மேடையில் மவுசு இருந்த காலம். 1959-ல், குடியரசு தினத்துக்கு முந்தைய நாள், சிலை மெரினாவுக்கு வந்தது. 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இதே சென்னைக் கடற்கரையில்தான்.

ராய் சௌத்ரி இதற்கு வைத்த பெயர் ‘உழைப்பின் வெற்றி’. இப்போது சிலையை மனதுக்குள் கொண்டு வாருங்கள். நாலு பேர். ஒரு பெரிய பாறை. கையில் நெம்புகோல்கள். நரம்பு புடைத்திருக்கிறது, முதுகு வளைந்திருக்கிறது, கால்விரல்கள் தரையைக் கவ்வுகின்றன. எல்லாம் சரி… வெற்றி எங்கே? பாறை இன்னும் நகரவில்லையே!

இதை நண்பரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

“நகர்ந்துட்டா அப்புறம் என்ன சார் இருக்கு? எவனாவது வந்து ரிப்பன் வெட்டுவான். இவங்க நாலு பேரும் அடுத்த பாறைக்குப் போயிடுவாங்க. நாலு பேரும் ஒரே நேரத்துல மூச்சைப் பிடிக்கறாங்க பாருங்க, வெற்றின்னா அதுதான்.”

எந்தக் கலை விமர்சகரும் எனக்கு இப்படிப் புரிய வைத்ததில்லை. அந்த விரல் தடங்களும் அப்போதுதான் புரிந்தன. பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் பாதிப்பு ராய் சௌத்ரியிடம் உண்டு என்பார்கள். களிமண்ணில் அப்பிய அப்பு பிளாஸ்டருக்குப் போய், மெழுகுக்குப் போய், நெருப்பைத் தாண்டி வெண்கலத்திலும் அப்படியே நிற்கும் முறை. வேலை செய்த சுவடை அழிக்காமல் விடுவது. உழைப்பைப் பற்றிய சிலையில் உழைத்த தடத்தைத் தேய்த்து அழித்தால் நியாயமா?

ராய் சௌத்ரி 1975 அக்டோபரில் காலமானார். அவர் உருவாக்கிய தண்டி யாத்திரைச் சிலைகள் டெல்லியில் நிறுவப்பட்டது அதற்குப் பிறகுதான். அவை நோட்டில் ஏறியதும் அவருக்குத் தெரியாது, ஒரே ராத்திரியில் அந்த நோட்டு செல்லாமல் போனதும் தெரியாது. இப்போதைய ஐந்நூறில் செங்கோட்டை இருக்கிறது.

உழைப்பாளர் சிலையை இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. பஸ் கண்டக்டர் கூவுகிற ஸ்டாப்பிங்கே அதுதான். அடுத்த தடவை அங்கே இறங்கினால் கடலைப் பார்க்கும் முன் இரண்டு நிமிஷம் ஒதுக்குங்கள். முன்னால் நின்று செல்ஃபி எடுத்தது போதும், பின்னால் போய் அந்த முதுகுகளைப் பாருங்கள். தண்ணீரும் காகிதமுமாகத் தொடங்கிய ஒரு மனிதரின் கைவிரல்கள் அங்கேதான் பதிந்திருக்கின்றன.