உடுக்களும் சுரங்களும்

வானுக்கும் இசைக்கும் உறவு தேடும் முயற்சி மிகப் பழையது. ஜேர்மனிய வானியலறிஞர் கெப்ளர், கோள்கள் வேகம் கூடியும் குறைந்தும் சூரியனைச் சுற்றுவதைக் கணித்து, அவ்வேகங்களுக்குரிய சுரங்களை 1619 இல் நூலாக வெளியிட்டார். அது செவிக்கன்று, அறிவுக்கே புலப்படும் இசை என்பது அவர் கொள்கை.

கோள்களை விடுத்து உடுக்களைச் செவிக்கும் கேட்கச் செய்ய முனைந்தவர் அமெரிக்க இசையாக்குநர் ஜோன் கேஜ். செக் வானியலறிஞர் பெச்வார் வரைந்த உடுப்படத்தின்மேல், இசைக்கோடுகள் வரைந்த ஒளிபுகு தாளை அவர் விரித்தார். உடு விழுந்த இடமே சுரம். அதன் ஒளி மிகுந்தால் ஓசையும் மிகும். எதை எடுப்பது என்பதைக்கூடத் தாம் தெரிவு செய்யாது, குறிபார்க்கும் சீனநூல் ஒன்றின் வழியே தீர்மானித்தார். தம் விருப்பு வெறுப்புக் கலவாத இசையே அவர் தேடியது. 'அட்லஸ் எக்லிப்டிகாலிஸ்' என்னும் அவ்வாக்கம் 1961 இல் மொன்றியலில் அரங்கேறியது.

1964 இல் நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவினர் அதனை இசைத்தபோது அவையோரிற் பலர் எழுந்து சென்றனர். இசைஞர் சிலரோ எழுதியதை விடுத்து மனம்போனவாறு வாசித்தனர்.

இந்நிகழ்வு ஓர் உண்மையை உணர்த்துகிறது. கேஜ் தம் விருப்பை விலக்கினார். வாசிப்பவரின் விருப்பை விலக்க அவரால் இயலவில்லை. உடு சுரத்தைக் காட்டலாம். அதனை ஒலிக்கச் செய்ய, மனமிசைந்த கலைஞன் ஒருவன் வேண்டும். பொறுத்திருந்து கேட்கும் செவியும் வேண்டும்.